உட்கட்டமைப்பைக் குறிமுறையாக எழுதுதல்

மாணவர்களே, மேகக் கணிமையில் சேவையகங்களை வாடகைக்குப் பெறலாம் என்பதை அறிவீர்கள். பாடசாலையொன்றின் பெறுபேறுகளைக் காட்டும் இணையப் பிரயோகத்தை அங்கு நிறுவுவது எவ்வாறு?

சேவையகம், தரவுத்தளம், வலையமைப்பு என்பவற்றைத் திரையில் ஒவ்வொன்றாகச் சொடுக்கியும் அமைக்கலாம். ஆனால் ஒரு படி தவறினாலும் பிரயோகம் இயங்காது போகலாம். எனவே தேவையானவற்றை உரைக் கோப்பொன்றில் எழுதி, மென்பொருளின் மூலம் அமைப்பர். இதுவே உட்கட்டமைப்பைக் குறிமுறையாக எழுதுதல் எனப்படும். 2014 இல் வெளியான டெராஃபோர்ம் இதற்கான ஒரு கருவியாகும்.

அதன் பிரதான கட்டளைகள்:

1. இனிட் – தேவையான துணை மென்பொருள்களைப் பதிவிறக்கும்.
2. பிளான் – உருவாக்கப்படுபவை, மாற்றப்படுபவை, அழிக்கப்படுபவை எவை எனக் காட்டும்.
3. அப்ளை – உங்கள் சம்மதத்தின் பின் அவற்றை நிறைவேற்றும்.
4. டிஸ்ட்ரோய் – கருவியால் உருவாக்கியவற்றை நீக்கும்.

கவனிக்க:

• பிளான் காட்டுவதை வாசிக்காமல் சம்மதம் அளிக்காதீர்கள். சில மாற்றங்களின்போது பழைய தரவுத்தளம் அழிக்கப்பட்டு, வெறுமையான புதியதொன்று உருவாகும். காப்புப் பிரதி இல்லையெனின் புள்ளிகள் யாவும் இழக்கப்படும்.
• கடவுச்சொற்களைக் கோப்பில் எழுதாதீர்கள்.
• பயிற்சி முடிந்ததும் நீக்க மறந்தால் கட்டணம் தொடர்ந்து அறவிடப்படலாம்.

வினா: ஒரே கோப்புக்கு அப்ளை கட்டளையை இரு முறை வழங்கினால் இரு சேவையகங்கள் உருவாகுமா?

விடை: இல்லை. கோப்பு கூறுவது வேண்டிய இறுதி நிலையையே. முதன்முறை உருவாக்கியவை நிலைக் கோப்பில் பதியப்பட்டிருக்கும். வேறுபாடு இல்லாததால் மாற்றம் எதுவும் நிகழாது.