ஒரு நாளில் ஓர் ஏரி

மணலி புதுநகரில் "ஏரியைத் திறந்துட்டாங்களாம்" என்று பேச்சு வந்தால் அது பூண்டிதான். வீட்டில் முதலில் கட்டில்மேல் ஏறுவது ஃபிரிட்ஜ். அடுத்தது ரேஷன் அரிசி மூட்டை.

கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது. வயது எண்பதைத் தொட்டாகிவிட்டது. கட்டச் சொல்லிப் போராடிய சென்னை மேயர் சத்தியமூர்த்தி அது நிரம்பிப் பார்க்கவில்லை, 1943-இலேயே போய்ச் சேர்ந்தார். ஏரிக்கு அவர் பெயர் இருக்கிறது.

செலவு சுமார் 65 லட்சம் ரூபாய். 1934-இல் முடிந்த மேட்டூருக்கு 4.80 கோடி. பூண்டி மலிவு என்று தோன்றும். வகுத்துப் பாருங்கள்: மேட்டூரில் 93,470 மில்லியன் கன அடி கொள்ளும், பூண்டியில் 3,231. ஒரு மில்லியன் கன அடிக்கு மேட்டூரில் 514 ரூபாய், பூண்டியில் 2,012. அதுவும் பிற்பாடு உயர்த்திய கொள்ளளவை வைத்துப் போட்ட கணக்கு. சமவெளியில் தேக்கினால் அப்படித்தான். கரைக்குத் தோள்கொடுக்க மலை கிடையாது.

மலை இல்லாததால் மின்சாரமும் இல்லை. மேட்டூரில் அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200. பூண்டியின் முழு உயரமே 35 அடி. வினாடிக்கு 1,000 கன அடியை அங்கிருந்து விழவிட்டாலும் இரண்டரை மெகாவாட் தேறினால் பெரிது. அதே ஆறு கடலில் கலக்கும் பக்கம், நிலக்கரியில் ஓடும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட்.

பூண்டி குடிநீருக்கான ஏரி. 1983 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் வரவேண்டும். ஏரியை மூன்றரை முறைக்கு மேல் நிரப்பலாம். காகிதத்தில்.

மணலிக்கு முக்கியமான கணக்கு வேறு. 2021 நவம்பரில் வினாடிக்கு 30,000 கன அடிக்கு மேல் திறந்தார்கள். 30,000 என்றே வைத்தாலும் எட்டரை லட்சம் லிட்டர்: 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எழுபது, ஒவ்வொரு வினாடியும். ஒரு நாளில் 2,592 மில்லியன் கன அடி, அதாவது ஏரியில் ஐந்தில் நான்கு பங்கு. 37,400-ஐத் தொட்டால் 24 மணி நேரத்தில் ஒரு முழுப் பூண்டி நம் தெரு வழியாகப் போயாக வேண்டும். ஆந்திரத்தின் அம்மப்பள்ளி அணையில் திறப்பதும் இதே ஆற்றுக்குத்தான் வந்து சேர்கிறது. பதினாறு ஷட்டரை வைத்துக்கொண்டு, நிரம்பிய ஏரியால் இதை எத்தனை மணி நேரம் பிடித்துவைக்க முடியும்?

கீழே தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் கொஞ்சம் சோழவரத்துக்குத் திருப்பலாம். அதன் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. அந்த மழையில் அதுவும் தளும்பிக்கொண்டுதான் இருக்கும். மிச்சமெல்லாம் வல்லூர் தாண்டி இங்கே. எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் ஏற்றமாக இருந்துவிட்டால், ஃபிரிட்ஜ் கட்டிலைவிட்டு இறங்க இன்னும் ஒரு நாள் ஆகும்.