தண்டுவட மரப்பு நோயும் நரம்பிழைகளும்

தண்டுவட மரப்பு நோய் என்பது மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றிலுள்ள நரம்பிழைகளின் மேலுறையை உடலின் நோய் எதிர்ப்புச் செல்களே தாக்கிச் சிதைக்கும் நோயாகும். பெயரில் தண்டுவடம் மட்டும் இருந்தாலும் மூளையும் பாதிக்கப்படுகிறது. இது தொற்றுநோய் அன்று. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் சார்க்கோ 1868-இல் இதைத் தனி நோயாக விவரித்தார்.

நியூரானின் நீண்ட இழையான ஆக்சானை மையலின் உறை சுற்றியிருக்கும். உறையின் இடைவெளிகளே ரேன்வீர் கணுக்கள். மின்தூண்டல் கணுவுக்குக் கணு தாவிச் செல்வதால், தடித்த இழைகளில் அதன் வேகம் நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். உறையில்லாத மெல்லிய இழைகளில் ஏறத்தாழ 1 மீட்டர்தான். மையலினை மின்கம்பியின் பிளாஸ்டிக் உறைக்கு ஒப்பிடுவது வழக்கம். அந்த உவமை பாதிதான் பொருந்தும். ஆக்சானுக்கு ஊட்டம் கிடைக்கவும் இவ்வுறையை உருவாக்கும் ஒலிகோடென்ட்ரோசைட் செல்களே உதவுகின்றன. அத்தகைய ஒரு செல் அழிந்தால் பல இழைகள் உறையிழக்கும்.

உறை சிதைந்த இடத்தில் தூண்டல் தாமதமாகிறது அல்லது நின்றுவிடுகிறது. பார்வை நரம்பில் நேர்ந்தால் ஒரு கண் மங்கும். தண்டுவடத்தில் நேர்ந்தால் கால்கள் மரத்துப்போகும், சிறுநீர் கட்டுப்படாது. சில வாரங்களில் வீக்கம் வடியும். வெறுமையான ஆக்சானில் சோடியம் வாயில்கள் பரவி, தூண்டல் மெதுவாகவேனும் கடக்கும். மெல்லிய புது உறையும் ஓரளவு உருவாகும். குணமாகிவிட்டது என்று எண்ணிப் பலர் மருந்தை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் உறையிழந்த ஆக்சானுக்கு மிகுந்த ஆற்றல் தேவைப்படுவதால் அது நலிகிறது. நோயின் தொடக்கக் காலத்திலேயே ஆக்சான்கள் துண்டிக்கப்படுவதை 1998-இல் புரூஸ் ட்ராப் குழுவினர் காட்டினர். மூளையிலும் தண்டுவடத்திலும் துண்டிக்கப்பட்ட ஆக்சான் மீண்டும் வளர்ந்து இணைவதில்லை. இன்றைய மருந்துகள் புதிய தாக்குதல்களைக் குறைப்பவை. இழந்ததை மீட்பவை அல்ல.

புதுக்கோட்டை போன்ற வெப்பம் மிகுந்த மாவட்டங்களில் வேறொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உறையிழந்த இழை வெப்பத்தைத் தாங்காது. உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே தூண்டல் தடைபடலாம். சித்திரை வெயிலில் சித்தன்னவாசல் பாறையில் ஏழடிப்பட்டத்துக்கு ஏறும் ஒரு நோயாளிக்குப் பார்வை மங்கி, நிழலில் அமர்ந்து நீர் அருந்தியபின் தெளியலாம். 1890-இல் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உட்ஹாஃப் விவரித்த நிலை இது. இதனால் நரம்பிழை புதிதாகச் சிதைவதில்லை. காய்ச்சலோ வெப்பமோ இல்லாமல் அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது புதிய தாக்குதலாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நிலநடுக்கோட்டுக்குத் தொலைவான குளிர் நாடுகளைவிட இந்தியாவில் இந்நோய் அரிது. இதையொத்த பார்வை நரம்பு–தண்டுவட அழற்சி நோயும் இங்கு உண்டு. அதைக் கண்டறிய அக்குவாபோரின்-4 எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனை உதவுகிறது. தண்டுவட மரப்புக்கான சில மருந்துகள் அந்நோயை மோசமாக்கும் என்பதால் இப்பரிசோதனை முக்கியமானது.

இந்தியத் தண்டுவட மரப்பு நோய்ச் சங்கம் 1985-இல் மும்பையில் தொடங்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளுள் இந்நோயும் ஒன்று. எனவே பாதிக்கப்பட்டோர் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.