குதிரை ஏறப் போகும் பிள்ளை: பெற்றோர் அறிய வேண்டியவை

லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகிறவர்கள், சிங்கப்பூரின் முதல் பந்தயத் திடல் இருந்த இடத்தை ஒட்டித்தான் நடக்கிறார்கள். 1842இல் தொடங்கிய சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப், அடுத்த ஆண்டே ஃபேரர் பார்க்கில் குதிரைப் பந்தயம் நடத்தியது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது, 1999இல் கிராஞ்சிக்கு மாறியது, 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசி ஓட்டத்தோடு முடிந்தும் போனது.

பந்தயம் போனாலும் குதிரையேற்றம் இங்கே நிலைத்திருக்கிறது. சிங்கப்பூர் போலோ கிளப்புக்கு 1886 முதல் வரலாறு உண்டு. பாசிர் ரிஸ் பூங்காவை ஒட்டிய லாயம், பிள்ளைகளை மட்டக்குதிரை மீது ஏற்றிச் சுற்றிக்காட்டும் இடமாகப் பல குடும்பங்களுக்குப் பழக்கம். பள்ளி விடுமுறை வந்தால், "நீச்சலும் பரதமும் போகட்டும், குதிரை ஏறக் கற்றுக்கொடுக்கலாமா?" என்று நம் வீடுகளிலும் இப்போது பேச்சு எழுகிறது. தாராளமாகக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. சின்னப் பிள்ளைக்கு முதல் சில மாதங்களில் தேவைப்படுவது வேகம் இல்லை. நிதானமான நடை, பொருத்தமான தலைக்கவசம், மிருகத்தை மதிக்கும் பழக்கம் ஆகிய மூன்றும்தான்.

உடலுக்கு என்ன நன்மை?

குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைகிறது. மேலே இருப்பவரின் இடுப்பும் அதற்கேற்ப அசைகிறது. இந்த அசைவு மனிதர் நடக்கும்போது இடுப்பு அசையும் விதத்தை ஒத்தது. கீழே சரியாமல் இருக்க, பிள்ளையின் வயிறு, முதுகு, தொடைத் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் சிறிது சிறிதாக வேலை செய்கின்றன. சமநிலை, நிமிர்ந்த இருக்கை, கையையும் காலையும் தனித்தனியே இயக்கும் திறன் ஆகியவை இப்படித்தான் வளர்கின்றன.

வெளியில் இருப்பதே இன்னொரு நன்மை. கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ள நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. அதைத் தள்ளிப்போடப் பிள்ளைகள் தினமும் ஏறத்தாழ 2 மணி நேரம் வெளியில் இருக்க வேண்டும் என்று கண் மருத்துவர்கள் இங்கே தொடர்ந்து வலியுறுத்துகிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மெதுவாக நடக்கும் குதிரை மேல் உட்கார்ந்திருப்பது ஓடியாடி விளையாடுவதற்கு ஈடாகாது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு பெற வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வாரம் ஒரு குதிரைப் பாடத்தால் அந்தக் கணக்கு நிரம்பாது. மாலை நேரத்தில் புளோக்கின் கீழே ஓடிப்பிடித்து விளையாடுவதும் தொடர வேண்டும்.

சிகிச்சையாகத் தொடங்கிய பயணம்

சிங்கப்பூரில் 1979இல் பிறந்த லாரென்ஷியா டானுக்குப் பெருமூளை வாதமும் கடுமையான செவிக்குறையும் இருந்தன. குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த பிறகு, 5 வயதில் உடற்பயிற்சிச் சிகிச்சையாகவே அவரைக் குதிரை மேல் ஏற்றினார்கள். 2008 பெய்ஜிங் பாராலிம்பிக் குதிரையேற்றத்தில் அவர் வென்ற வெண்கலப் பதக்கமே பாராலிம்பிக் வரலாற்றில் சிங்கப்பூர் பெற்ற முதல் பதக்கம். அங்கே 2 வெண்கலம் வென்றவர், 2012 லண்டனில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் சேர்த்தார்.

உடற்குறையுள்ளோருக்கான குதிரையேற்றச் சங்கம் சிங்கப்பூரில் 1982 முதல் இயங்குகிறது. அதன் பாடங்கள் இலவசம். இத்தகைய சிகிச்சைப் பாடங்களில் பொதுவாக ஒருவர் குதிரையின் கயிற்றைப் பிடித்து நடப்பார். தேவைக்கேற்பப் பிள்ளையின் இரு பக்கமும் தொண்டர்கள் கூடவே நடப்பார்கள்.

உங்கள் பிள்ளைக்கு வளர்ச்சித் தாமதமோ உடற்குறையோ இருந்தால், முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். டௌன் சின்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்பு மூட்டுகள் தளர்ந்திருக்கும். அவர்களுக்குக் குதிரையேற்றம் ஆபத்தாகலாம். கட்டுக்குள் வராத வலிப்பு, எளிதில் உடையும் எலும்பு, ரத்தம் உறையாத குறைபாடு ஆகியவை இருந்தாலும் மருத்துவர் அனுமதி இல்லாமல் ஏற்றக் கூடாது.

எந்த வயதில் தொடங்கலாம்?

3, 4 வயதில் பெரியவர் கயிறு பிடிக்க, இன்னொருவர் பக்கத்தில் நடக்க, சில நிமிடம் சுற்றி வரலாம். அது அறிமுகம் மட்டுமே. கடிவாளத்தைத் தானே பிடித்துக் கற்கும் முறையான பாடத்துக்குப் பொதுவாக 5, 6 வயதாவது ஆக வேண்டும். பல பிள்ளைகளுக்கு 7, 8 வயதுதான் பொருத்தம்.

வயதைவிடத் தயார்நிலை முக்கியம். பெரிய தலைக்கவசம் அணிந்தும் கழுத்து தளராமல் நிற்கிறதா? "நில்" என்றால் நிற்கிறானா? ஒரே சமயத்தில் இரண்டு கட்டளைகளை நினைவில் வைத்துச் செய்கிறாளா? கால் மணி நேரம் ஒரு வேலையில் கவனம் நிற்கிறதா? இவற்றுக்கு ஆம் என்ற பதில் வரும் வரை காத்திருப்பதால் எந்த நட்டமும் இல்லை. தொடக்கத்தில் 15, 20 நிமிடம் போதும். களைத்த பிள்ளைதான் சரிந்து விழும்.

பயந்து அழும் பிள்ளையை, கட்டிய பணம் வீணாகிறதே என்று தூக்கி உட்கார வைக்காதீர்கள். அன்றைக்குக் குதிரையைத் தடவிவிட்டு வீடு திரும்பினாலும் அதுவும் ஒரு பாடம்தான்.

முதல் பாடம் தரையில்

குதிரையால் வரும் காயங்கள் எல்லாம் மேலிருந்து விழுவதால் வருவதில்லை. உதைபடுவதும் மிதிபடுவதும் கடிபடுவதும் தரையில் நிற்கும்போதே நடக்கின்றன. குதிரையின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. சுற்றுப்புறம் ஏறக்குறைய முழுவதும் தெரிந்தாலும், நேர் பின்புறமும் நெற்றிக்கு நேர் முன்புறமும் அதன் பார்வையில் படாது. அதனால் பிள்ளை தோள் பக்கமாக, மெதுவாகப் பேசிக்கொண்டே நெருங்க வேண்டும். வாலுக்குப் பின்னால் ஒருபோதும் நிற்கக் கூடாது.

கேரட் கொடுக்கும்போது விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைத் தட்டையாக நீட்டி, அதன் மேல் துண்டை வைக்க வேண்டும். கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒட்டியிருக்க வேண்டும். விரல் நுனியில் பிடித்து நீட்டினால் குதிரைக்கு விரலும் கேரட்டும் ஒன்றுதான். பராமரிப்பாளர் அனுமதி இல்லாமல் எதையும் ஊட்டக் கூடாது.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெயிலுக்கோ தூறலுக்கோ லாயத்தருகே திடீரென்று குடையை விரிக்காதீர்கள். பிளாஸ்டிக் பையைச் சரசரக்க விடாதீர்கள். படம் எடுக்க ஓடிப்போய் முன்னால் நிற்காதீர்கள். மிக அடக்கமான மட்டக்குதிரையும் இவற்றால் மிரளும்.

தலைக்கவசமும் உடையும்

மட்டக்குதிரை மேல் உட்கார்ந்த பிள்ளையின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் இருக்கும். குதிரையேற்றத்தில் உயிருக்கு ஆபத்தான காயங்களில் முதலிடம் தலைக்காயத்துக்குத்தான். எனவே குதிரையேற்றத்துக்கென்றே தரச்சான்று பெற்ற தலைக்கவசம் கட்டாயம். சைக்கிள் கவசம் அதற்குப் பதிலாகாது.

கவசம் புருவத்துக்குச் சற்று மேலே, நெற்றியில் கிடைமட்டமாக இருக்க வேண்டும். வாரைப் பூட்டுமுன் தலையை லேசாக ஆட்டச் சொல்லுங்கள். கவசம் வழுக்காமல், நெற்றித் தோலும் சேர்ந்து அசைந்தால் அளவு சரி. பெண் பிள்ளைகளுக்கு உச்சியில் கொண்டை போட்டால் கவசம் சரியாக இறங்காது. கழுத்தோரம் தாழ்வாகப் பின்னல் போடுங்கள். ஜிமிக்கி, வளையல், கொலுசு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். ஒருமுறை விழுந்து அடிபட்ட கவசத்தை, கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

காலணிக்குச் சிறிய குதி இருக்க வேண்டும். குதி இல்லாத தட்டைக் காலணியோடு கால், சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடி வளையத்துக்குள் நழுவி மாட்டிக்கொண்டால், விழும் பிள்ளையைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும் ஆபத்து உண்டு. செருப்புக்கு இடமே இல்லை. விழும்போது கால் எளிதில் விடுபடும் பாதுகாப்பு அங்கவடி இருந்தால் இன்னும் நல்லது.

வெயில், இடி, புகைமூட்டம்

நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் காய்வதில்லை. பிள்ளையின் உடல் சீக்கிரம் சூடேறும். காலை அல்லது மாலைப் பாடத்தையே தேர்ந்தெடுங்கள். போவதற்கு முன்பும் வந்த பின்பும் தண்ணீர் கொடுங்கள். தலைவலி, குமட்டல், முகம் சிவந்து சோர்தல் தெரிந்தால் பாடத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

சிங்கப்பூரில் ஆண்டின் ஏறத்தாழ பாதி நாட்களில் இடியுடன் மழை பெய்கிறது. இடி கேட்டால் உடனே இறங்கிக் கூரைக்குள் போக வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால், சிறுவர்கள் வெளியில் நீண்ட நேரமோ கடுமையாகவோ உடலை வருத்துவதை முடிந்தவரை குறைக்க வேண்டும் என்பதே அரசின் அறிவுரை. அன்றைய பாடத்தைத் தள்ளி வைப்பது நல்லது.

ஒவ்வாமையும் தடுப்பூசியும்

குதிரையின் ரோமத் துகளும் உலர்புல்லின் தூசியும் பூஞ்சையும் சில பிள்ளைகளுக்குத் தும்மல், கண் அரிப்பு, மூச்சிரைப்பு தரும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பயிற்சியாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லாயத்து மண்ணிலும் சாணத்திலும் ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். இங்கே அந்தத் தடுப்பூசியைக் குழந்தைப் பருவத்தில் தவணை தவணையாகவும், தொடக்கநிலை 5இல் ஊக்க ஊசியாகவும் போடுகிறார்கள். பிள்ளைக்கு எல்லாத் தவணைகளும் முடிந்தனவா என்று பாருங்கள். லாயத்திலிருந்து கிளம்பும்போது சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே தின்பண்டம் கொடுங்கள்.

விழுந்துவிட்டால்

தலை அடிபட்ட பிள்ளையை அன்றைக்கு மீண்டும் ஏற்றவே கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், மயக்கம், வலிப்பு இவற்றில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகத் தாமதிக்காதீர்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால் தூக்கி நிறுத்தாமல், அசைக்காமல் 995ஐ அழையுங்கள். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே, புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் சிறார் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது. வெளியே காயம் தெரியாவிட்டாலும் அடுத்த ஒன்றிரண்டு நாள் பிள்ளையைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

• பயிற்சியாளருக்குச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் தகுதிச் சான்றும் முதலுதவிப் பயிற்சியும் உண்டா?
• ஒரு பயிற்சியாளர் ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்? புதிதாகக் கற்கும் பிள்ளைக்குத் தனியே கயிறு பிடிக்க ஆள் உண்டா?
• கவசம் அங்கேயே கிடைக்குமா? கடைசியாக எப்போது மாற்றினார்கள்?
• தரும் குதிரை வயதில் முதிர்ந்ததா, பிள்ளைகளோடு பழகியதா?
• குதிரைக்கு நிழலும் தண்ணீரும் ஓய்வும் கிடைக்கின்றனவா? முதுகிலோ வாயோரத்திலோ புண் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நோகும் முதுகில் சேணம் கட்டினால் குதிரை உதறத்தான் செய்யும். குதிரை நலமாக இருந்தால்தான் அதன் மேல் உட்காரும் பிள்ளைக்கும் பாதுகாப்பு. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். மழுப்பினால், எவ்வளவு பேர் பெற்ற இடமானாலும், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.