குளிசையால் தோல் கறுத்தால் லேசர் வேண்டுமா?

"மருந்து குடிச்சு முகம் கறுத்துப் போச்சு, லேசர் அடிச்சால் போகுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். இவர்களில் தொழுநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

மட்டக்களப்பில் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு மாந்தீவு தெரிந்திருக்கும். வாவிக்குள் இருக்கும் அந்தத் தீவில்தான் அந்தக் காலத்தில் தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்கும் முன்னே, 1708இல், ஒல்லாந்தர் கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் இப்படியோர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். சரியான மருந்து இல்லாததால் தள்ளி வைப்பதே வைத்தியமாக இருந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்ன பிறகு நிலைமை மாறியது. இன்று லயத்தில் குடும்பத்தோடு இருந்து, வேலைக்கும் போய்க்கொண்டே 6 மாதத்திலோ 12 மாதத்திலோ சுகப்படலாம். மருந்துக்குக் காசு இல்லை.

அந்த மூன்றில் ஒன்று குளோபாசிமின். தோலைக் கறுக்க வைப்பது இதுதான். இது மருந்தாக இருந்தாலும் உண்மையில் ஒரு சிவப்புச் சாயம். கொழுப்பில் கரைந்து தோலில் தங்கிவிடும். முதலில் செம்மண் நிறம், பிறகு கறுப்பு. நோய்ப் படை இருந்த இடத்தில் கூடுதலாகத் தெரியும். வெயில் பட்டால் இன்னும் ஏறும். நாள் முழுக்க மலையில் நிற்கிற கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு இது பெரிய மனவேதனைதான், இல்லை என்று சொல்லமாட்டோம். லயத்தில் நாலு பேர் கேட்பார்களே!

ஆனால் இதற்குப் பயந்து குளிசையை நடுவில் விட்டால் கிருமி மறுபடி தலைதூக்கும். நரம்பு கெட்டு விரல் மரத்துப்போகும். சுடுதேத்தண்ணிக் கோப்பை சுடுவது தெரியாது, கொழுந்து கிள்ளுவதும் தெரியாது. போன நிறம் திரும்பி வரும். மரத்துப்போன விரலில் உணர்ச்சி திரும்புவது கஷ்டம்.

இனி லேசர். அது ஒருவகைக் கூரிய ஒளி. தோலுக்குள் இருக்கும் நிறத்துகளைப் பொடியாக்கும், உடம்பு அந்தப் பொடியை மெல்ல அகற்றும். முகப்பருவுக்கு எடுக்கும் மினோசைக்கிளின், இதயத்துக்கு எடுக்கும் அமியோடரோன் போன்ற மருந்துகளால் வந்த கறைக்கு வெளிநாடுகளில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். குளோபாசிமினுக்கு இது தேவையில்லை. குளிசை குடிக்கக் குடிக்கப் புதுச் சாயம் சேர்ந்துகொண்டே இருக்கும். கிழிந்த சாக்கில் கொழுந்து நிரப்பிய கதைதான். எங்களைப் போன்ற கறுத்த தோலில் லேசர் பிழைத்தால் தோல் வெந்து, புதுத் தழும்பும் வரலாம்.

குளிசை முடிந்த பிறகு சாயம் தானாகவே வடியும். மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அதுவரை தலையில் துணி, நீளக்கை சட்டை. தோல் வறண்டு வெடித்தால் தேங்காய் எண்ணெய் போதும். கடையில் விற்கும் வெள்ளையாக்கும் கிரீம் வேண்டவே வேண்டாம், சிலதில் பாதரசம் இருக்கிறது.

நிறத்தைத் தாங்கவே முடியாதவர்கள் கிளினிக்கில் டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். குளோபாசிமினுக்குப் பதில் வேறு மருந்து கொடுக்கவும் வழி உண்டு. மாதத்துக்கு ஒருமுறை குடிக்கும் குளிசைக்குப் பிறகு சிறுநீர் சிவப்பாகப் போனால் அது ரத்தமல்ல, றிபாம்பிசின் மருந்தின் நிறம். ஒரு நாளில் சரியாகிவிடும்.