ஒரு சுற்றில் முடியும் ஓட்டம்

பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் மான் என்றொரு சிறு தீவு உண்டு. அங்கு 1907ஆம் ஆண்டில் தொடங்கிய ரி. ரி. மோட்டார் சைக்கிள் பந்தயம் உலகப் புகழ் வாய்ந்தது. ஊர்களினூடாகவும் மலையின் மீதாகவும் செல்லும் இன்றைய பந்தயப் பாதையின் ஒரு சுற்று ஏறத்தாழ 37¾ மைல். மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் அதனை முதன்முதலிற் சுற்றியவர் ஸ்கொத்லாந்து வீரர் பொப் மக்கின்ரயர். அது நிகழ்ந்த ஆண்டு 1957. அதற்கு ஐம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

2009இல் மின்சாரத்தால் இயங்கும் மோட்டார் சைக்கிள்களும் அப்பாதையிற் போட்டியிட்டன. அவ்வாண்டில் வென்ற வண்டியின் வேகம் ஏறத்தாழ 87 மைல். 2012இல் மைக்கல் ரட்டர் என்பவர் 104 மைலை எட்டினார். 2019இல் அவரே ஏறக்குறைய 122 மைலை எட்டினார். சட்டமும் சக்கரமும் பெற்றோல் வண்டிகள் தந்த முதுசமெனினும், மூன்றே ஆண்டில் நூறைக் கடந்தமை வியப்புக்குரியதே.

ஆயினும், மக்கின்ரயர் அன்று ஓடியவை எட்டுச் சுற்றுகள். மின்வண்டிகளின் பந்தயமோ ஒரே சுற்றுடன் முடிந்தது. காரணம் என்ன?

வலிமைக் குறைவன்று. பெற்றோல் இயந்திரம் முழு வலிமை பெற, முதலில் விரைந்து சுழல வேண்டும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு விசையுடன் சக்கரத்தைத் திருப்பும். குறைபாடு பற்றரியிலேயே உள்ளது. ஒரு கிலோ பெற்றோலில் அடங்கிய சக்தி, அதே எடையுள்ள பற்றரியிலுள்ளதைப் போல் ஏறக்குறைய ஐம்பது மடங்கு. பெற்றோல் இயந்திரம் அதிற் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டார் பத்தில் ஒன்பது பங்கைப் பயனாக்குகிறது. முன்னது ஒழுகும் பெருங்குடம். பின்னது ஒழுகாத சிறுகுடம். ஒழுக்கைக் கழித்த பின்பும் பெருங்குடத்தில் எஞ்சுவதே அதிகம்.

வேகமும் இச்சிறுகுடத்துக்குப் பகையாகும். வேகம் இரட்டித்தாற் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பற்றரியைப் பெரிதாக்கினாற் பாரம் கூடும். வளைவுகளில் வண்டி வீரனுக்கு அடங்காது. ஆகவே, தொடக்கத்திலேயே முழு வேகத்தையும் காட்டுபவன் மலையேறி இறங்குமுன் மின்சாரமின்றி நிற்க நேரும். அவன் ஒவ்வொரு மைலிலும் வேகத்தையும் இருப்பையும் ஒருங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

2019க்குப் பின் அம்மின்வண்டிப் பந்தயம் இடைநிறுத்தப்பட்டது. எனினும், அது கற்பித்த பாடம் தெளிவானது: மின்வண்டிக்கு வேகம் கைவந்துவிட்டது, இனி வேண்டுவது பாரம் குறைந்த, கொள்ளளவு மிகுந்த பற்றரியே.