அளவறிந்து மருந்திடல்

அகத்தியமலைச் சாரலிலுள்ள போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திற்குப் பிழைப்பை நாடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல. அங்கிருந்து திருவனந்தபுரத்துப் பெரிய மருத்துவமனையை அடைய 50 கிலோ மீட்டருக்கு மேல் இறங்கி வரவேண்டும். இத்தகைய இடங்களில் மருந்தில் நேரும் பிழையை உடனே திருத்துதல் எளிதன்று. ஆதலின், செவிலியர் கல்வி பயிலும் நம் பெண்மக்கள் சில மருந்துகளைத் தனிக் கவனத்தோடு கையாளக் கற்கின்றனர்.

இன்சுலின், ஹெப்பாரின், மார்பின், செறிந்த பொட்டாசியம் குளோரைடு ஆகியவை சிறு பிழையையும் பொறா. பொட்டாசியத்தை நீர்க்கச் செய்யாமல் இரத்தக் குழாயில் செலுத்தினால் இதயமே நின்றுவிடும்.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் ஒரு மில்லி லிட்டரில் 40 அலகு உள்ள புட்டியும் உண்டு. 100 அலகு உள்ளதும் உண்டு. ஊசிக்குழலும் இருவகை. 40க்கு உரியது வழக்கமாகச் சிவப்பு மூடியும், 100க்கு உரியது ஆரஞ்சு மூடியும் கொண்டிருக்கும். 100 அலகுப் புட்டியின் மருந்தை 40 அலகுக் குழலில் 20 என்னும் கோடுவரை எடுத்தால், உடலிற் சேர்வது 50 அலகு! சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே இறுதி நேரலாம்.

இதனைத் தடுக்க மாணவியர் பயிலும் முறை எளியது. இருவர் தனித்தனியே அளவைக் கணக்கிட்டு, அதன்பின்னரே ஒப்பிடுவர். ஒருவர் விடையை முன்னரே கேட்டுவிட்டால், மற்றவர் கண்ணும் அதையே காணும். மூத்தவர் முன்னிலையிலும், "பொறுங்கள், மீண்டும் பார்ப்போம்" என்று பணிவுடன் கூறும் துணிவும் இக்கல்வியில் அடங்கும்.

இன்சுலின் இட்டுக்கொள்வோர் உள்ள இல்லத்தாரும் புட்டியின் எண்ணையும் குழலின் எண்ணையும் ஒப்பிடுவீராக. பொருந்தாவிடில் ஊசியைக் கீழே வைத்து, செவிலியரையோ மருந்தாளரையோ வினவுங்கள்.