சாராயத்தின் வலிமையைக் கண்ணால் அளக்க இயலுமா?

மது அருந்தும் பழக்கமுள்ள ஒருவர் எந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலும், மருத்துவர் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, நாளொன்றுக்கு எவ்வளவு அருந்துவார் என்பதாகும். கடையில் வாங்கிய புட்டியானால் விடை எளிது. அதன் அளவும் வலிமையும் ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டிலோ தோப்பிலோ வடித்த சாராயமானால், "ஒரு கிளாஸ்தான்" என்ற மறுமொழியோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தக் கிளாஸில் ஆல்கஹால் எத்தனை பங்கு, தண்ணீர் எத்தனை பங்கு என்று உடனிருப்போரிடம் கேட்டால், "கொளுத்திப் பார்த்ததில் நன்றாக எரிந்தது, நல்ல சரக்குதான்" என்று சிலர் சொல்வதுண்டு. எரிவதற்கும் நல்லதாக இருப்பதற்கும் என்ன தொடர்பு என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம்.

மருத்துவர் இதை ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். நாள்தோறும் மிகுதியாக அருந்துபவர் எலும்பு முறிவுக்கோ குடலிறக்க அறுவைக்கோ படுக்கையில் சேர்க்கப்பட்டால், அன்றைய தினமே அவருடைய குடி நின்றுவிடுகிறது. கடைசியாக அருந்தியதிலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை ஆகியவை தோன்றலாம். இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுதல், இல்லாத பூச்சிகளைக் கையால் தட்டுதல் போன்றவை தொடங்கலாம். இதனை மயக்க மருந்தின் கோளாறு என்றோ, ஏதோ காற்று சேட்டை என்றோ உறவினர் நினைத்துவிடுகின்றனர். முன்கூட்டியே அளவு தெரிந்திருந்தால் உரிய மருந்தையும் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 ஊசியையும் முதல் நாளிலேயே தொடங்கிவிடலாம். பிதற்றல் நிலை சிகிச்சையின்றி முற்றினால் உயிருக்கே ஆபத்தாகும்.

ஆகவே அளவு கணக்கிடும் முறையைப் பார்ப்போம். அருந்திய மில்லி லிட்டரை ஆல்கஹாலின் விழுக்காட்டால் பெருக்கி, நூறால் வகுத்து, மீண்டும் 0.79 ஆல் பெருக்கினால், உடலுக்குள் சென்ற தூய ஆல்கஹாலின் எடை கிராமில் கிடைக்கும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் 180 மில்லி புட்டியில் 42.8 விழுக்காடு என்றிருந்தால், அதில் இருப்பது ஏறத்தாழ 61 கிராம். 5 விழுக்காடுள்ள கள் ஒரு லிட்டரில் சுமார் 39 கிராம் இருக்கும். கள் லேசானது, அதனால் கெடுதல் இல்லை என்று சொல்லி நாளைக்கு இரண்டு லிட்டர் அருந்துபவர், மேற்சொன்ன புட்டி ஒன்றை முடிப்பவரைவிட அதிகமாகவே அருந்துகிறார்.

கள்ளைப் பொறுத்தவரை ஓரளவு மதிப்பிட வழியுண்டு. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது அக்கானி. பிற ஊரார் பதநீர் என்பர். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் இறங்கும் பனஞ்சாறு, காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டினால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்குகிறது. ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை முழுவதும் புளித்தால் ஆல்கஹால் ஒரு விழுக்காடு உண்டாகும். பனஞ்சாற்றில் லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை இருப்பதாகக் கொண்டால், எவ்வளவு நாள் புளிக்க வைத்தாலும் 7 விழுக்காட்டைத் தாண்ட வழியில்லை. பெரும்பாலும் 4 முதல் 6 வரையில் நின்று, பிறகு காடியாகத் திரிந்துவிடும்.

வடித்த சாராயத்துக்கு இந்தக் கணக்கு ஓர் உச்சவரம்பை மட்டுமே தரும். 8 விழுக்காடுள்ள ஊறல் பத்து லிட்டரில் மொத்தம் 800 மில்லி ஆல்கஹால் உள்ளது. அதிலிருந்து இரண்டு லிட்டர் வடித்தெடுத்தால், அதன் வலிமை 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்க இயலாது. ஆனால் முதலில் சொட்டுவது கடுமையாகவும், கடைசியில் சொட்டுவது பெரும்பகுதி தண்ணீராகவும் இருக்கும். ஒரே அடுப்பில் வடித்த இரண்டு புட்டிகளில் ஒன்று 50 விழுக்காடாகவும் மற்றொன்று 20 விழுக்காடாகவும் அமையலாம். 200 மில்லி கிளாஸ் ஒன்றில் முன்னதில் 79 கிராம், பின்னதில் 32 கிராம். வாங்கிக் குடிப்பவருக்கோ, ஊறல் எவ்வளவு, எதைக் கரைத்தார்கள், எத்தனை லிட்டர் எடுத்தார்கள் என்பது ஒன்றும் தெரியாது.

இந்த இடத்தில்தான் கைவைத்தியம் போன்ற சோதனைகள் நுழைகின்றன. கொளுத்திப் பார்ப்பது மிகப் பழைய முறை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துத் தீ வைப்பார்கள். மருந்து பற்றிக்கொண்டால் சரக்கு தரமானது என்று கொண்டார்கள். அந்த எல்லை இன்றைய கணக்கில் சுமார் 57 விழுக்காடு. 1816இல் சைக்ஸ் என்பவரின் மிதவைக் கருவி அங்கே சட்டப்படி ஏற்கப்பட்ட பிறகும் பழைய சொல் மறையவில்லை. நம் ஊர்ப் புட்டிகளில் 42.8 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் '75 டிகிரி புரூஃப்' என்று அச்சிடுவது அதன் எச்சமே.

தீச்சோதனையின் குறை எளிதில் விளங்கும். எரிவது திரவமன்று, அதன் மேல் திரளும் ஆவியே எரிகிறது. அந்த ஆவியின் அளவு வெப்பநிலையைப் பொறுத்தது. 40 விழுக்காடுள்ள சாராயம் சுமார் 26 டிகிரி வெப்பத்திலும், 30 விழுக்காடுள்ளது சுமார் 29 டிகிரியிலும் தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். நாகர்கோவிலின் சித்திரை மாத நண்பகலில் பற்றிக்கொள்ளும் அதே சரக்கு, ஐப்பசி மழையின் விடியற்காலையில் பற்றாமல் போகலாம். கரண்டியைச் சூடாக்கிவிட்டால் இன்னும் தண்ணீரான சரக்கும் எரியும். ஆடையில் தீப்பற்றும் அபாயம் வேறு.

புட்டியைக் குலுக்கி நுரையைப் பார்ப்பது மற்றொரு முறை. பெரிய குமிழிகள் எழுந்து விரைவில் உடைந்தால் கடுமையானது, சிறு குமிழிகள் நெடுநேரம் நின்றால் தண்ணீரானது என்பார்கள். தூய ஆல்கஹாலும் தண்ணீரும் மட்டும் கலந்திருந்தால், பழகிய கண்ணுக்கு இது ஓரளவு உதவும். வேறு எதுவும் சேர்ந்துவிட்டால் நுரையின் இயல்பே மாறிவிடும். தொண்டையில் எரிச்சல் தருவதை வைத்து மதிப்பிடுவதும் அவ்வாறே.

இவையெல்லாம் சற்று முன்பின்னாக இருப்பதோடு நின்றால் இத்தனை எழுதியிருக்க மாட்டோம். இவற்றுள் எதுவும் மெத்தனாலைக் காட்டிக்கொடுக்காது என்பதே உண்மையான ஆபத்து. மெத்தனால் ஆலைகளில் கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் பயன்படும் நச்சு ஆல்கஹால். அது எத்தனாலைவிட எளிதில் தீப்பற்றும்; அதன் சுவாலையும் நீலமானது, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு மங்கலானது. "நீலமாக எரிந்தால் சுத்தம்" என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய்விடும் என்பதை எண்ணிப் பாருங்கள். மணத்திலும் சுவையிலும் இரண்டையும் பிரித்தறிய இயலாது. கருவி இருந்தாலும் பயனில்லை: 20 டிகிரியில் எத்தனாலின் அடர்த்தி 0.789, மெத்தனாலின் அடர்த்தி 0.792. மிதவைக் கருவி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் நிற்கும்.

முதலில் சொட்டுவதைக் கொட்டிவிட்டால் நஞ்சு போய்விடும் என்றும் சிலர் நம்புகின்றனர். மெத்தனால் 64.7 டிகிரியிலும் எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதிப்பதால் எழுந்த எண்ணம் இது. தண்ணீரோடு கலந்த நிலையில் இரண்டும் அப்படி வரிசையாகப் பிரிந்து வருவதில்லை. வடிப்பு முழுவதிலும் மெத்தனால் பரவியே வரும். தவிர, பனஞ்சாறு போன்றவை புளிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சிறிதளவே. கூட்டம் கூட்டமாக உயிர் போவதற்குக் காரணம் பின்னால் சேர்க்கப்படும் ஆலை மெத்தனால்.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர்கள் அருந்தியது காய்ச்சிய சாராயமே அன்று, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட்டில் விற்ற சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தில் 1982இல் வைப்பினிலும், 2000இல் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கல்லிலும் இதே துயரம் நிகழ்ந்தது. உயிர் தப்பியவர்களுள் பலர் பார்வையை இழந்தனர்.

பார்வை போவது ஏன்? கல்லீரல் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இவ்வமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. இரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. 10 மில்லி தூய மெத்தனாலே நிரந்தரக் குருட்டுத்தன்மைக்குப் போதுமானது. 30 மில்லி உயிரைப் பறிக்கக்கூடும். இம்மாற்றத்துக்கு நேரமாவதால், அருந்திய 12 முதல் 24 மணி நேரம் வரை ஆள் வெறும் போதையில் இருப்பவர் போலவே தோன்றலாம். சாதாரணச் சாராயமும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். முந்தின இரவு குடித்தவர் மறுநாள் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி என்று சொன்னால் வீட்டார் அதை வழக்கமான தலைப்பாரம் என்று விட்டுவிடுவது இதனால்தான். பார்வை மங்குதல், கண்முன் வெண்மூட்டம், மூச்சு வேகமாக வாங்குதல் ஆகியவை தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

108 ஐ அழையுங்கள். டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது நல்லது. ஃபார்மிக் அமிலத்தையும் எஞ்சிய மெத்தனாலையும் இரத்தத்திலிருந்து நீக்க அது வேண்டியிருக்கும். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலும் சாராயம் கொடுத்தால் நஞ்சு முறியும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கல்லீரலில் மெத்தனால் மாறுவதைத் தடுக்க ஃபோமிபிசோல் என்னும் மருந்தையோ அளந்த எத்தனாலையோ மருத்துவர் தருவதுண்டு; அது இரத்தப் பரிசோதனையோடு, தீவிர சிகிச்சைப் பிரிவில் செய்யப்படுவது. வீட்டில் கையில் கிடைத்ததை ஊற்றுவது, அதே நஞ்சை மீண்டும் ஊற்றுவதாக முடியலாம்.

அதே சரக்கை அருந்திய மற்றவர்கள் நலமாக இருப்பதாகச் சொன்னாலும் அவர்களையும் உடன் அழைத்து வாருங்கள். எஞ்சிய திரவம் இருந்தால் புட்டியோடு கொண்டு வாருங்கள். வழக்கு வரும் என்ற அச்சத்தில் உண்மையை மறைப்போர் பலர். நஞ்சுண்டவராக வருபவரைப் பற்றிக் காவல்துறைக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமைதான். சிகிச்சை அதற்காகக் காத்திருப்பதில்லை. வேறு நோய்க்காகச் சேர்க்கப்படுபவரிடம் குடிப்பழக்கத்தைக் கேட்பதோ மருத்துவத்துக்காக மட்டுமே.

அவ்வாறு கேட்கும்போது விழுக்காட்டை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பாத்திரத்தில் அருந்துவார், நாளைக்கு எத்தனை முறை, தண்ணீர் சேர்ப்பாரா, எத்தனை ஆண்டுகளாக, கடைசியாக எந்த நாள் எத்தனை மணிக்கு, முன்பு எப்போதேனும் குடியை நிறுத்தியபோது நடுக்கமோ வலிப்போ வந்ததா என்பவற்றைச் சொல்லுங்கள். நோயாளி உறவினர் முன்னிலையில் சொல்லத் தயங்கினால், தனியே பேச விரும்புவதாகச் செவிலியரிடம் தெரிவித்தால் போதும்.